ஆற்றுக்கு ஒரு வரவேற்பு வளைவு

வீடு கட்டப் பிளான் போடுகிறவருக்கு வீட்டுக்காரர் ஒருவரைத் திருப்திப்படுத்தினால் வேலை முடிந்தது. கெட்டுப்போன ஆற்றைச் சீரமைக்கத் திட்டம் போடுகிறவள் ஆற்றைத் தவிர அத்தனை பேரையும் திருப்திப்படுத்தியாக வேண்டும். மதுரையில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் நான் பார்க்கும் உத்தியோகம் அதுதான். சிவகாசிப் பக்கம் ஓடுகிற, அல்லது ஓடுவதாக வரைபடத்தில் போட்டிருக்கிற, ஓர் ஆற்றுக்கு நாங்கள் திட்ட அறிக்கை தயாரித்தோம். ஆற்றின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆற்றுக்குக் கோபம் வராது, கரையில் இருப்பவர்களுக்கு வரும். ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பி ஏதாவது ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே படியுங்கள், சேர்ந்தே தலையில் அடித்துக்கொள்ளலாம்.

மேலே போய்க் கேளுங்க

முதல் வேலை, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஆற்றின் கீழ்க்கோடியிலிருந்து மேல்நோக்கி நடந்தேன். கீழே இருக்கிற ஊரில், எல்லாம் டவுன் சாக்கடை என்றார்கள். டவுனில் கேட்டால், அச்சகக்காரர்கள் விடுகிற மை என்றார்கள். அச்சகத்தில் கேட்டால், மேலே இருக்கிற கோழிப்பண்ணையைக் கைகாட்டினார்கள். கோழிப்பண்ணைக்காரர் அதற்கும் மேலே இருக்கிற கல்யாண மண்டபத்தைச் சொன்னார். ஒருவர் கூடத் தன் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் போனேன். எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் ஆற்றுக்குள் சரிந்து கிடந்தன. அதற்கு மேலே ஊரே கிடையாது, ஒரு மொட்டைக் குன்று, கரடு என்பார்கள். இனிமேல் யாரைச் சொல்வார் பார்க்கலாம் என்று மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். அவர் இலைக்குவியலையும் பார்த்தார், கரட்டையும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்தக் கரட்டுல ஒருத்தன் ஆடு மேய்க்கிறான் மேடம். மொதல்ல அவனைப் பிடிங்க."

உங்கள் கனவு என்ன?

எங்கள் தலைமை ஆலோசகர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவரை நாங்கள் சார் என்போம். வெளிநாட்டில் ஓர் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அவருக்கு எந்த ஆற்றைப் பார்த்தாலும் நடைபாதைதான் தெரியும். மக்களிடம் ஆற்றைப் பற்றிய கனவைக் கேட்க வேண்டும் என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கரையை ஒட்டியிருந்த காலனிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே பெண்கள் எல்லாம் விஸ்வநத்தம், நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருந்தார்கள். கையில் ஒட்டிய மருந்துகூடக் கழுவவில்லை.

காலனிக்குக் குடிக்கத் தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் ஆற்றோரக் கிணறு ஒன்றுதான். அச்சகத் தெருவின் வாய்க்கால் அந்தக் கிணற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து ஆற்றில் விழுகிறது. கிணற்றில் வாளியை விட்டால் மை வாடை. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. இதற்கு நடுவில் நின்றுகொண்டு சார், "ஆற்றைக் குறித்த உங்கள் கனவு என்ன?" என்று கேட்டார். முத்துலட்சுமி என்கிற பெண்தான் பதில் சொன்னாள். "கனவு காண எங்க சார் தூங்க விடுறாக? அந்த வாய்க்கா எங்க கெணத்துக்கு மேல விழுது. கெணத்தத் தாண்டிக் கீள கொண்டுபோய் விட்ருங்க, அது போதும்."

அப்படியானால் கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவுகளும் ஒரு மேடத்தப் பிடிச்சுக் கேட்டுக்கிடட்டும்."

ஒரு லோடு ஆறு

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கீழூர்க்காரர்கள் பக்கமும் இருந்தது. அதனால் வாய்க்கால் முகத்தில் ஒரு சுத்திகரிப்புத் தொட்டி, அங்கிருந்து கிணற்றைத் தாண்டி ஒரு குழாய் என்று திட்டத்தில் எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உருப்படியாக எதையும் வரைந்ததில்லை.

அந்தச் சமயத்தில் காலனியில் மாரியம்மன் பொங்கல் வந்தது. முளைப்பாரியை ஆற்றில்தான் கரைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் எப்படிக் கரைப்பார்கள்? ஆற்று மணலில் ஒரு குழி தோண்டி, அதில் லாரித் தண்ணீரை நிரப்பினார்கள். பச்சைப்பசேலென்று வளர்த்த முளைப்பாரியைத் தலையில் வைத்துக் குலவையிட்டு வந்த பெண்கள், ஆற்றுக்குள் இறங்கி, ஆற்றைத் தொடாமல், அந்தக் குழியில் கரைத்தார்கள். சாருக்கு அறிக்கைக்கு ஒரு நல்ல போட்டோ கிடைத்தது. லாரி டிரைவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "வருசா வருசம் இந்த ஆத்துக்கு ஒரு லோடு தண்ணி நாந்தான் விடுதேன். ஒங்க திட்டத்துல எம் பேரயும் சேத்துக்கிடுங்க மேடம்."

கன்னிமூலை

பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் திட்டம் செல்லாது. சார் கூட்டத்தை வைத்தது தீபாவளி சீசன் உச்சத்தில், அதுவும் வேலைநாள் காலையில். காலனியிலிருந்து ஓர் ஈ காக்கைகூட வராது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ஹால் காலியாக இருக்கிறது என்றார். ஆகவே கருத்துச் சொல்ல வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவர் இல்லை. போட்டோவில் நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று கல்லூரி மாணவர்களைப் பிடித்து உட்கார வைத்திருந்தோம். நடைபாதை, நீரூற்று, செல்பி எடுக்க ஓர் இடம், ஊர்ப்பெயர் போட்ட வரவேற்பு வளைவு எல்லாம் கைதட்டலோடு நிறைவேறின.

என் தொட்டிக்கும் கைதட்டினார்கள். எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்ததும் தட்டிய கை நின்றது. அச்சகத் தெருவின் தென்மேற்கு மூலையில்தான் ஆறு இருக்கிறது, அழுக்குத் தண்ணீரும் அங்கேதான் போய் விழுகிறது. பெரிய அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து, மிகுந்த பிரியத்தோடு எனக்கு வாஸ்து சொல்லிப் புரிய வைத்தார். தொட்டியும் குழாயும் அன்றே இரண்டாம் கட்டத்துக்குப் போயின. எங்கள் தொழிலில் இரண்டாம் கட்டம் என்பது குப்பைக்கூடைக்கு மரியாதையான பெயர். அண்ணாச்சி சொன்னது இது: "தொட்டி நல்ல விசயந்தாம்மா, யாரு வேண்டாம்னா? ஆனா கன்னிமூலையில தண்ணி நின்னா தொழில் நிக்காது பாருங்க."

அட்டைப்பட நீலம்

அறிக்கையை அந்த அண்ணாச்சியின் அச்சகத்திலேயே அடித்தோம். அட்டையில் ஓர் ஆறு. அதில் இரண்டு அன்னம் வேறு. ஆற்றின் நீலம் போதவில்லை என்று சார் மாதிரித் தாளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். நிஜ ஆறு கறுப்பாக ஓடியபோது வராத பதற்றம், அட்டையில் நீலம் ஒரு பிடி குறைந்ததும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மிஷின் உருளையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி மை ஏற்றினார்கள்.

தாளைச் சரிபார்க்கப் போன நான் பின்கட்டுக்குப் போனேன். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் அச்சு அசல் எங்கள் அட்டையின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது எந்தக் கிணற்றுக்கு மேலே போய் விழும் என்று எனக்குத் தெரியும். விறுவிறுவென்று முன்னால் வந்து அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் காபி வரவழைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க கேட்ட நீலந்தானம்மா? ஒங்க சாரு திருப்பித் திருப்பி அனுப்புனா, நாங்களும் திருப்பித் திருப்பிக் கழுவத்தான செய்யணும்?"

வாடகைக் குழாய்

வரவேற்பு வளைவுக்கு அடிக்கல் நாட்டு விழா. மேடை போடச் சமதளம் கிணற்றடியில்தான் இருந்தது. முந்தின நாள் ஏற்பாட்டைப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வரப்போகிற பெரிய மனிதர் இந்த வாடையில் எப்படி உட்காருவார்? அன்று மத்தியானமே காண்டிராக்டர் ஒரு வேன் நிறைய பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்து இறக்கினார். பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் முகத்திலிருந்து கிணற்றைத் தாண்டிக் கீழே வரை குழாய் போட்டாகிவிட்டது. நான் வரைந்த அதே பாதை. தொட்டி இல்லாவிட்டால் போகிறது, குழாயாவது வந்ததே என்று அசடு மாதிரிச் சந்தோஷப்பட்டேன். காலனிக்காரர்களும் தங்களுக்கு விடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அன்றிரவே மோட்டார் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார்கள். ஊறி வந்த புதுத் தண்ணீரில் மை வாடை இல்லை. விழா நடந்தபோது மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நமது தாய் என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு மறுநாள் காலையில் போனால், ஆட்கள் குழாயைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். காண்டிராக்டர், ஒரு நாள் வாடகைக்குத்தான் எடுத்தது என்றார். சாருக்குப் போன் போட்டேன். "அதுதான் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறதே" என்று சொல்லி வைத்துவிட்டார். வேன் போனது. வாய்க்கால் பழையபடி கிணற்றுக்கு மேலே விழ ஆரம்பித்தது. அவமானத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. முத்துலட்சுமி கிணற்று மேட்டில் வாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த விழா எப்பன்னு மட்டும் முன்னக்கூட்டியே சொல்லிருங்க மேடம். பிள்ளைகள அன்னைக்குக் குளிப்பாட்டிக்கிடுறோம்."

ஓர் ஆற்றைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், அறிக்கையெல்லாம் எதற்கு, வாடை தாங்காத ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக் கிணற்றடியிலேயே குடிவைத்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.