எகிப்தைத் தாண்டாத வீடு

வெல்டா உன்ரூவின் பிள்ளைகளுக்கு எகிப்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எகிப்துக்குப் பிறகு உலகத்தில் ஏதாவது நடந்ததா என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் வெல்டா, வீட்டிலேயே பாடம் நடத்த, புதுப் பாடத்திட்டம் ஒன்றைத் தபாலில் வரவழைப்பாள். எல்லாப் பாடத்திட்டமும் எகிப்தில்தான் தொடங்கும். பிள்ளைகள் சர்க்கரைக் கட்டியால் பிரமிடு கட்டுவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வெல்டாவுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். இன்னொரு பெட்டி வரும். அதுவும் நைல் நதிக்கரையில் ஆரம்பிக்கும். இயேசு பிறந்தபோது நாட்டை ஆண்டது யார் என்று ஞாயிறு வகுப்பில் கேட்டதற்கு, பத்து வயது மார்த்தா எழுந்து நின்று "எகிப்து ராஜா பார்வோன்" என்று கணீரென்று சொன்னாள். போதகர் இருமி மழுப்பினார்.

அமெரிக்காவின் கான்சஸ் கோதுமைக்காட்டில் வாழும் மென்னோனைட் சபைக் கிறிஸ்தவர்களான நாங்கள் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள். ரொட்டி வந்த பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிற கூட்டம். வெல்டாவும் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஆனால் பாடத்திட்டம் என்று வந்துவிட்டால் அவள் கையைக் கட்டிப்போட முடியாது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிற மற்ற பெண்களும் யோக்கியம் இல்லை. ஆனாலும் இவள் அளவுக்கு யாரும் போனதில்லை.

ஜனவரியில் பனி மூடிக் கிடக்கும்போது பாடத்திட்டக் கம்பெனிகளின் கேட்டலாக்குகள் வந்து இறங்கும். கடைக்குட்டி டில்லியை மடியில் போட்டுக்கொண்டு வெல்டா சோபாவில் சாய்ந்துவிடுவாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உரக்க வாசிப்பாள். விலை வரும் இடத்தில் பெருமூச்சு விடுவாள். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை அவள் முழுதாகப் படித்து முடித்தது அந்தக் கேட்டலாக்குகளைத்தான்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்பான் லோரன், அவள் புருஷன். அறுவடை இயந்திரங்களை ரிப்பேர் செய்கிறவன், வாய் அதிகம் பேசாது.

"சும்மா பாக்கறேன்."

"போன வருஷமும் சும்மாதான் பாத்த."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான், டில்லிக்கு எழுத்து வந்திருந்தால். ஏழு வயது ஆகப்போகிறது, வாசிப்பு வரவில்லை. பாட்டுப் பாடி எழுத்துச் சொல்லித்தரும் பாடத்திட்டம் வந்தது, பொருந்தவில்லை என்று கம்பெனிக்கே திரும்பிப் போனது. மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் பெட்டி வந்தது, போனது. கடைசியாக வந்தது ஆந்தைப் பொம்மை. அம்மா அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஆந்தைக் குரலில் கேள்வி கேட்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வெல்டாவும் வெட்கத்தை விட்டுக் கீச்சுக் குரலில் கேட்டாள்.

"இது என்ன எழுத்து, செல்லக்குட்டி?"

டில்லி ஆந்தையைப் பார்த்தாள். அது முடிந்து அம்மாவின் மணிக்கட்டு தொடங்கும் இடத்தையும் பார்த்தாள். "உள்ள கை வேர்க்குதாம்மா?" என்றாள்.

லோரனின் அக்கா ஆர்லீன் டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஒரு குறையும் சொல்லமாட்டாள், அதுதான் வெல்டாவுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வெரனிக்கே கொழுக்கட்டையில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "டில்லி இப்ப என்ன வாசிக்கிறா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். வெல்டாவுக்குக் கொழுக்கட்டை தொண்டையில் நிற்கும்.

வசந்தத்தில் ஒருநாள் லோரன் வாயைத் திறந்தான். "கோதுமை அறுப்புக்குள்ள அவ ஒரு பக்கம் வாசிச்சா சரி. இல்லேன்னா ஆகஸ்ட்ல மஞ்சள் ஸ்கூல் பஸ் ஏறட்டும். அக்கா பாத்துக்கும்."

"இன்னும் ஒரு வருஷம் குடு."

"ஒனக்கு எத்தன வருஷம் வேணும்னாலும் குடுப்பேன். பிள்ளைக்கு ஏது?"

பஸ்ஸைக் கண்டோ ஆர்லீனைக் கண்டோ வெல்டாவுக்குப் பயமில்லை. மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்குத் தன் கையால் எழுத்து ஏறவில்லையே என்பதுதான் அவளை அரித்தது. பாத்திரம் கழுவும்போது அழுதாள். டில்லி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

மே மாதம் சபையின் நிலவறைக் கூடத்தில் பழைய பாடப்புத்தகச் சந்தை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து வகுப்புவாரியாகப் பொது மேஜைகளில் பரப்பிவிடுவார்கள். எது யாருடையது என்பதற்கு ஒரு வண்ணப் பொட்டு மட்டும். ஆந்தையை விற்பது, எதையும் வாங்குவதில்லை என்று வெல்டா சபதம் எடுத்துக்கொண்டு போனாள். சபதம் முதல் மேஜைவரை தாங்கியது.

இரண்டாம் மேஜையில் மணல்தாள் எழுத்துப் பெட்டி ஒன்று இருந்தது. 'புதிது போலவே உள்ளது, முதல் சில பாடங்கள் மட்டும் நடத்தியது' என்று எழுதியிருந்தது.

"பாரு ரொசெல்லா," என்றாள் வெல்டா பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம், "எவளோ ஒருத்தி ஆரம்பத்துலயே விட்டுட்டு ஓடியிருக்கா. பொறுமைங்கறதே கிடையாது இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு."

ரொசெல்லா பெட்டியைத் திறந்து மூடியின் உள்பக்கத்தைக் காட்டினாள். பழைய குழம்புக் கறை. அதன் மேல் 'உன்ரூ' என்று வெல்டாவின் கையெழுத்து.

"அந்த ஒருத்தி நீதான். நீ ஆகா ஓகோன்னு சொன்னியேன்னு ஒங்கிட்டேருந்து வாங்கி ஏமாந்தவ நான். இப்ப திரும்பக் கொண்டாந்து வச்சிருக்கேன்."

வேறு யாராவது என்றால் மானம் போய் நகர்ந்திருப்பார்கள். வெல்டா பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அப்ப டில்லி ரொம்பச் சின்னவ. இப்ப ஏறலாம்," என்றாள்.

அப்போதுதான் மேஜைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நாளுக்கு இருபதே நிமிடம். அம்மாவுக்கு முன்தயாரிப்பு தேவையில்லை. விடைப் புத்தகம் தனியாகக் கிடைக்கும்." பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. சாட்சாத் வெல்டாவின் பெருமூச்சு.

குனிந்து பார்த்தார்கள். டில்லி கால் நீட்டி உட்கார்ந்து கேட்டலாக் வாசித்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு குட்டிப் பயல்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலகாரம் விற்கும் மேஜையிலிருந்து கை துடைத்துக்கொண்டு ஆர்லீனும் வந்துவிட்டாள்.

"மனப்பாடம்," என்றாள் வெல்டா அவசரமாக. "குளிர்காலம் பூரா நான் படிச்சதுதான்."

ஆர்லீன் வாசலுக்குப் போய், சந்தைக்கென்று அன்று காலை வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு புதுக் கேட்டலாக்கை உருவினாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து நடுப்பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

டில்லி வரிக்குக் கீழே விரலை வைத்தாள். "கிரேக்கமும் ரோமும். அட்டையில் செய்யும் தேர். படை… படைவீரர் தலைக்கவசம்." ஒரு சொல்லில் தட்டி நின்றாள், உடைத்துப் பார்த்தாள், தாண்டிப் போனாள். விலை வந்ததும் பெருமூச்சு விட்டாள்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் பாடத்திட்டம், எங்கே வாங்கினாய் என்று ஆளாளுக்குத் துளைத்தார்கள். வெல்டா அவர்களை விட்டுவிட்டு மகளிடம் குனிந்தாள்.

"ஏண்டி, வாசிக்கத் தெரியும்னு எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? ஆந்தைதான கேட்டுச்சு."

சிரிப்பு அடங்குமுன் டில்லி கடைசி அட்டையைத் திருப்பிவிட்டாள். "பிள்ளைக்குப் பொருந்தாவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்." இங்கே பெருமூச்சு வரவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "எனக்குத்தான் எதுவுமே பொருந்தலியே. அதனாலதான் என்னைய பஸ்ல அனுப்பறீங்களா?"

வெல்டா பாவாடையோடு அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பெட்டிகளையும் வாங்கியதும் திருப்பித் தள்ளியதும் மகளுக்காகத்தான். மகள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ஒன்ன யாரும் எங்கயும் அனுப்பல," என்றாள். "நீ சரியாத்தான் இருக்க. அம்மாதான் அவசரக்குடுக்கை."

"அப்பா சொன்னாரே."

"ஒங்கப்பன் என்ன சொன்னா என்ன," என்றாள் ஆர்லீன் மேலிருந்து. "என் வகுப்புல இடமே இல்ல. கெஞ்சினாலும் சேத்துக்க மாட்டேன்." பொய். அந்த வருஷம் அவள் வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெல்டா முதல்முறையாக நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணல்தாள் பெட்டியை வெல்டா மேஜையில் திரும்ப வைத்ததும் ரொசெல்லா அதைப் பறித்துக்கொண்டாள். "எதுக்கும் இருக்கட்டும். இதுலதான் கத்துக்கிட்டாளோ என்னவோ."

அன்று சாயங்காலம் லோரன் கிரீஸ் கையோடு வாசற்படியில் உட்கார்ந்தான். டில்லி அவன் மடியில் ஏறி அந்தப் புதுக் கேட்டலாக்கை முதல் அட்டையிலிருந்து வாசித்தாள். அவன் எழுந்து போய்க் கை கழுவக்கூட இல்லை. கிரேக்கமும் ரோமும் வந்தது, தேர் வந்தது, விலையும் வந்தது. இந்த முறை பெருமூச்சு விட்டது லோரன்.

"வாங்கிருவோம்," என்றான். "எகிப்துலேருந்து வெளிய வந்தாப் போதும்."

"வேண்டாம்," என்றாள் வெல்டா. "போன வருஷத்துப் புத்தகத்துலயே ரோம் இருக்காம். மார்த்தா இப்பதான் பின்பக்கத்தப் புரட்டிப் பாத்துட்டுச் சொன்னா."