முள் நின்ற இடத்துக்கு அப்பால்

ஈரமண் அப்பிய மரவள்ளிக்கிழங்கின் வாசனை. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு லாரி இறங்கும் நாட்களில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அது மூக்கில் ஏறும். உடனே என் கை, பக்கத்தில் இல்லாத ஒரு காலைத் தொட்டுப் பார்க்கப் போகிறது.

என் தம்பி செல்வத்தின் கால். நைனார்பாளையத்தில் கிழங்கு போட்டிருந்தான். பெரிய உடம்பு. ஊர் கேலி பேசுமுன் அவனே பேசிச் சிரித்துவிடுவான். எடை பார்க்க மட்டும் ஏறமாட்டான்.

கொல்லையில் கிழங்குக் கட்டை காலில் குத்திய இடம் சிவந்து, முழங்காலை நோக்கி ஏறியது. செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று) என்றார்கள். மருத்துவமனைத் தராசில் முள் கடைசி எண்ணில் முட்டி நின்றது. அந்த எண்ணையே எழுதிக்கொண்டார்கள்.

ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. கால் கொதித்தது. பணி மாறி வந்த டாக்டரம்மா கேஸ் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“இந்த எடை இவரோடதாங்க?”

“முள்ளு அவ்ளோதாங்க போச்சு,” என்றான். “மீதி நானு வெளிய நிக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “மருந்து கம்மியா போனா கிருமி சாவாது. ஜாஸ்தியா போனா கிட்னி கெடும். சில மருந்து கொழுப்புல பரவும், சிலது பரவாது. அதனால எடைய வெச்சு அப்படியே பெருக்கிடவும் முடியாது. மொதல்ல நெஜமான எடை வேணும். அப்புறம் ரத்தத்துல மருந்து எவ்ளோ நிக்குதுன்னு பாக்கணும்.”

கிழங்கு மண்டியின் மூட்டைத் தராசை லோடு ஆட்டோவில் வரவழைத்தேன். எடை போடும் கோவிந்தண்ணனும் கூடவே வந்தார். அதை வேறு கை தொட விடமாட்டார். தம்பியை மேடையில் உட்கார வைத்தோம். கோவிந்தண்ணன் உதடு அசையக் கணக்குப் போட்டு ஓர் எடை சொன்னார். தராசில் தெரிந்ததைவிடக் கம்மி.

“அண்ணே, இன்னாத்த கழிச்ச?” என்றான் தம்பி.

“மண்ணு கழிவுப்பா…” கிழங்கில் ஒட்டிய மண்ணுக்கென்று எடையில் கழித்துச் சொல்லும் மண்டிப் பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எம்மேல இன்னா மண்ணா ஒட்டிக்கினு கீது? முழுசா சொல்லு!”

வராந்தாவில் அவன் மட்டும்தான் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அளவை மாற்றினார்கள். ரத்தம் பார்த்து மறுபடியும் மாற்றினார்கள். சிவப்பு ஏறுவது நின்றது. ஆனால் அதற்குள் செப்சிஸ் (தொற்றால் ரத்த ஓட்டம் குறைந்து, கைகால் சில்லிட்டு, உறுப்புகள் தளரும் நிலை). ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவன் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு பெரிய உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களா? அந்த உடம்பே நீங்களா? முள் முட்டி நின்றால் சொல்லிவிடுங்கள். இந்த அளவு இந்த உடம்புக்குப் பார்த்துப் போட்டதா என்று கேளுங்கள். முதலிலேயே சரியாகப் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரம்மாவைக் கேட்டேன். “தெரியலைங்க” என்றார். அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருக்கிறேன்.

என் பாதம் சுட்டால் இப்போது நிம்மதி. குளிர்ந்தால் பயம். காலண்டர் நகர்கிறது, நான் ஆம்புலன்ஸுக்குள்ளேயே குனிந்து நிற்கிறேன். கூடப் போக ஒருவருக்குத்தான் இடம்; அவன் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவன் காலைத் தொடுகிறேன். கொதிப்பு இல்லை. காய்ச்சல் விட்டதென்று சந்தோஷப்படுகிறேன்.

“காலு சில்லுனு கீதுக்கா,” என்கிறான். “போத்தி வுட்டுட்டு எறங்கு.”