பல்பொடி பட்ட கப்பல்

என் மனைவிக்கு மனித முகம் மனதில் நிற்காது. எங்கள் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு வாயார வாழ்த்திவிட்டுப் போனவர்கள் தெருவில் எதிர்ப்பட்டு நலம் விசாரித்தால், சிரித்து மழுப்பிவிட்டு, அவர்கள் தாண்டியதும் "யாருங்க அது?" என்று என் முழங்கையைக் கிள்ளுவாள். ஆனால் ஒரு பழைய காசை ஒருமுறை விளக்கடியில் பார்த்துவிட்டாளானால், அதன் விளிம்பில் இருக்கும் மயிரிழைக் கீறலைக்கூட மறக்க மாட்டாள். நானும் நெற்றியில் ஒரு கீறலோடு பிறந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்.

பழைய காசுகளுக்குத் தரம் போடுவது அவள் வேலை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ சேகரிப்பாளர்கள் அனுப்பும் காசுகள் அவள் மேசைக்கு வரும். அசலா போலியா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாராவது கைவைத்துக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று எண் போட வேண்டும். தேறியதைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டு அனுப்புவார்கள். தேறாதது மெல்லிய உறையில் வீடு திரும்பும். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கண்ணாடி சரி, பூதம் எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கினாளென்றால் அதற்கும் பதில் கிடைத்துவிடும்.

அவள் வேலை செய்யும் அறைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். ஜன்னல் கிடையாது. சுவர் சாம்பல் நிறம். மேலே விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு ஒன்றாகக் கழுத்து வளைந்த விளக்கு மட்டும் எரியும். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். மெல்லச் சாய்த்தால், யாரும் கைவைக்காத காசில் வெளிச்சம் சுற்றி ஓடும். தேய்த்துக் கழுவிய காசில் அது செத்துக் கிடக்கும். கையில் கிரீம் பூசக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், காசுக்கு நேராக வாயைத் திறக்கக் கூடாது. எச்சில் துளி தெறித்தால் வெள்ளியில் கரும்புள்ளி விழுந்துவிடுமாம். அதனால் பேச வேண்டுமென்றால் முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். வீட்டில் காய் நறுக்கும்போதும் அப்படித்தான், சுவரைப் பார்த்துப் பதில் வரும். கல்யாணமான புதிதில் என்மேல் கோபம் என்றே நினைத்தேன். சில நாள் கோபமாகவும் இருந்தது.

இந்தப் பைத்தியத்தை அவளுக்குப் பிடிக்கவைத்தது அவளுடைய அண்ணன். கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர். போகிற துறைமுகத்திலெல்லாம் பழைய காசு வாங்குவார். அதிலும் கப்பல் பொறித்த காசு மட்டும். கடலிலேயே கிடப்பவருக்குக் காசிலும் கப்பலா என்று நான் கிண்டல் செய்வேன். "உங்க மாதிரி கரையில நிக்கிறவங்களுக்கு அது புரியாது மாப்ள" என்பார். தங்கைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. அவருக்கு இன்னும் அவள் 'பாப்பா'தான்.

அந்தப் பாப்பா ஏழு வயதில் ஒரு காரியம் செய்தாள். அண்ணன் முதல் பயணம் முடித்து வந்து, அடுத்த கப்பலுக்குப் போயிருந்த சமயம். கட்டிலடியில் அவருடைய பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒரு பெரிய வெள்ளிக் காசு, அதில் மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பல். பாயெல்லாம் கறுத்துக் கிடந்தது. அண்ணன் வரும்போது பாய் வெள்ளையாக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான்! குழாயடியில் உட்கார்ந்து, பல்பொடியைத் தொட்டுத் தொட்டு, விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவர் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் வெள்ளி மறுபடி மங்கியிருந்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. இவளும் மறந்துபோனாள்.

காசு உலகத்தில் அது மன்னிக்க முடியாத குற்றம் என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கறுப்பு அழுக்கில்லை, காசின் தோல். உரித்தால் உரித்ததுதான், மேலே எத்தனை வருடம் புதுக் கறுப்பு படிந்தாலும் அடியில் தடம் இருக்கும். அதைப் படித்துக்கொண்ட அன்று சாயங்காலம் காய்ச்சல்காரி மாதிரி வந்து படுத்தாள். நான் கேட்ட பிறகு என்னிடம் சொன்னாள்.

"மச்சான்கிட்ட சொல்லிடேன்."

"எந்தக் காசுன்னு சொல்றது? அண்ணாகிட்ட கப்பல் போட்டது டப்பா டப்பாவா இருக்குங்க. ஏதாவது சாதாரணமா இருந்திருக்கும். விடுங்க."

அவளும் விட்டாள், நானும் விட்டேன்.

இந்த வருடம் நாணயச் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. மண்டபத்தின் நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. தரச்சான்று வாங்கிய காசுக்குத்தான் அதில் இடம். கடலை விட்டு இறங்கி, மனைவியையும் இழந்து, காசுகளோடு தனியாக வாழும் மச்சானுக்கு அந்த நடுப்பெட்டிமேல் ஒரு கண். தங்கை வேலை பார்க்கும் இடம், சிபாரிசு என்று பேசிவிடுவார்கள் என்று பயந்து, எங்களிடம் மூச்சு விடாமல் ஒரு கடைக்காரர் மூலமாகக் காசை அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். உட்காரும் முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய உறையை எடுத்து மேசைமேல் போட்டார்.

"எந்தக் கபோதி பாத்தான்னு தெரியல மாப்ள. தேய்ச்சுக் கழுவினதாம்! வாங்கின நாள்லேர்ந்து என் கையைத் தவிர இன்னொரு கை பட்டதில்ல. கண்ணு தெரியாதவனை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்."

கரண்டியோடு நின்ற என் மனைவி உறையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இது எந்தக் காசுண்ணா?"

"இதைத் தெரியலையா? முதல் சம்பளத்துல வாங்கினது பாப்பா. பிஸ்கட் டப்பாவுல இருக்குமே."

அந்த வாரம் அவள் வீட்டில் சொன்ன கதை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கப்பல் காசு வந்ததாம். கூட இருக்கும் இரண்டு பேரும் நல்ல எண் போட்டிருந்தார்களாம். கறுப்புக்கு அடியில் இருந்த தேய்ப்பு இவள் கண்ணுக்கு மட்டும்தான் பட்டதாம். அவர்களுக்கு மேலே இருக்கும் பெரியவர் மறுபடி பார்த்து இவள் சொன்னதே சரி என்றாராம். பெருமையாகத்தான் சொன்னாள். அவர்களுக்குக் காசோடு வருவது ஒரு எண் மட்டும், யாருடையது என்று தெரியாது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் பக்கம் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அன்று சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் கால் அதைத் தேடியது.

"மச்சான், முதல்ல சாப்பிடுங்க. ஆறிடும்."

"இல்லங்க, இருங்க" என்றாள் அவள். கையைத் துடைத்துக்கொண்டு, உறையிலிருந்து காசை விளிம்பில் பிடித்து எடுத்து, ஜன்னலோரம் போனாள். "அண்ணா, இங்க வா. பாய்க்குப் பக்கத்துல பாரு. வட்டம் வட்டமா, பொடியா."

"ஒண்ணும் தெரியல."

"சாய்ச்சுப் பாரு."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏதோ இருக்கு. ஆமா, இருக்கு."

"பல்பொடி. நான்தான் தேய்ச்சேன், ஏழு வயசுல. நீ வரும்போது பாய் வெள்ளையா இருக்கணும்னு. ஆபீஸ்ல கண்டுபிடிச்சு எழுதினதும் நான்தான். உன்னோடதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்."

காசு கையில் இருந்ததால் இவ்வளவையும் முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னாள். அந்த முகம் எப்படிக் கிடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பார்த்தது அவளுடைய காதை.

"இத்தனை வருஷம் மறைச்சிருக்க. இப்பவாவது என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலையா உன்னால?"

காசை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன் மாப்ள" என்று வைத்துவிடுவார். அவள் திரும்பின பக்கம் என் பக்கம் என்றும், அது அவள் தொழில் பழக்கம் என்றும் சொல்ல ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விடும். கப்பல் இன்ஜின் சத்தத்தில் வாழ்ந்தவருக்குக் காது கேட்காவிட்டாலும் கோபம் மட்டும் நன்றாக வரும்.

இவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணினாள். ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தேய்ச்சப்ப நான் சின்னப் பிள்ளை. தேறாதுன்னு தள்ளினது என் வேலை. சொல்லாம இருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் எனக்கு மனசு ஆறல." எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வயதில் ஒருத்தி அண்ணனுக்காக ஏங்குவதைப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

கண்காட்சிக்கு வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கூரைமேல் போர்டு வைத்த பயிற்சி காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபத்தின் நடுப்பெட்டியில் முத்திரையிட்ட காசுகள் எண்ணைக் காட்டிக்கொண்டு பளிச்சென்று இருந்தன. அதில் மச்சானுடையது இல்லை. வாசலோரம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை. அதற்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர். கப்பல் காசுகள் வரிசையாக இருக்க, எல்லாவற்றுக்கும் முன்னால், உறை இல்லாமல், கறுப்புத் துணியில் அந்த ஒன்று. பக்கத்தில் லென்ஸ். வீட்டு மேசைவிளக்கின் கழுத்தை அவள் காட்டின அதே சாய்வில் வளைத்து வைத்திருந்தார்.

சங்கச் செயலாளர் எதிரில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "என்ன சார், போயும் போயும் கழுவின காசை முன்னாடி வெச்சிருக்கீங்க? அதுக்கு மதிப்பே இல்லையே."

"சார், அந்த நடுப்பெட்டில இருக்கிறதெல்லாம் எத்தனையோ கை மாறி வந்த காசு. ஒரு கையாவது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இதுல பட்ட விரல் எனக்குத் தெரியும். ஏழு வயசுப் பிள்ளை. நான் வருவேன்னு உக்காந்து தேய்ச்சிருக்கு." லென்ஸை அவர் கையில் திணித்தார். "நல்லா சாய்ச்சுப் பாருங்க, வட்டம் தெரியும்."

அப்போதுதான் எங்களைப் பார்த்தார். விளக்கின் கழுத்தை ஒருதரம் சரிசெய்தார். பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி கையை ஆட்டினார்.

"பாப்பா, இங்க வா. சார் நம்பமாட்டேங்கிறாரு. நீயே எடுத்துக் காட்டு."

அவள் போய்க் காசை விளிம்பில் பிடித்து எடுத்தாள். விளக்கடியில் சாய்த்தாள். ஏதோ சொல்ல வந்து, பழக்கத்தில் முகத்தைத் தோள் பக்கம் திருப்பினாள். கண் நிறைந்திருந்தது.

அண்ணன் அவள் தாடையில் கைவைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நேராவே பேசு பாப்பா. இதுல இனிமே கெடறதுக்கு ஒண்ணும் இல்ல."