கேவுருவா, அரிசியா?

என்னை வாயாடி என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. ஒன்பது வயதில் நான் இதைவிடப் பெரிய வாயாடி. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. அந்த ஐந்தாறு மாதங்களில் தண்ணீர்ப் பானையோடு பேசியிருக்கிறேன், அடுப்போடு சண்டை போட்டிருக்கிறேன். வழி தவறி வந்த ஒரு கோழியைப் பிடித்து வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாடு வந்ததும் அது ஓடிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் ஏழாம் வாய்ப்பாடு வராது.

அம்மா பிரசவத்துக்காக ஆம்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்த முறை நாலாம் மாதத்திலிருந்தே படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பெரியம்மா வீட்டில் ஒரே அறை, எட்டுப் பேர். என்னையும் கூட்டிக்கொண்டு போனால் படிப்பு கெட்டுவிடும், அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இருக்காது என்று இரண்டு காரணங்கள் சொன்னார்கள். என் படிப்பின் மேல் எங்கள் வீட்டில் அப்படியொரு அக்கறை அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

அப்பா இரும்பு வார்க்கும் பட்டறையில் மேஸ்திரி. வாலாஜாபேட்டையைத் தாண்டி ஆற்றங்கரை ஓரமாக இருந்தது பட்டறை. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேண்டிய சக்கரங்கள் செய்வார்கள். தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டையை அரைக்க ஒரு எந்திரம் உண்டு. அதற்கான பல்சக்கரம்தான் அதிகம் போகும். பட்டறையின் பின்சுவரை ஒட்டி எங்கள் அறை. சுற்றிலும் வேறு வீடே கிடையாது. ஒரு பக்கம் கரிமேடு, மறுபக்கம் பாலாற்று மணல். பள்ளிக்கூடத்திலும் எனக்குத் துணை கிடையாது. தோல் ஷாப்பு வீட்டுப் பெண்கள் தனியாக உட்காருவார்கள். அவர்கள் மேல் தோல் நாற்றம் என்று கடைத்தெருப் பெண்கள் தள்ளி உட்காருவார்கள். என் மேல் கரிப்புகை வாசனை. அதனால் இரண்டு பக்கமும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைதான் உலை வைக்கும் நாள். காலையில் கற்பூரம் காட்டி நெருப்பு மூட்டினால், வெயில் ஏறுவதற்குள் இரும்பு உருகிவிடும். உலையின் வாயை அடைத்திருக்கும் களிமண்ணை அப்பா கம்பியால் குத்துவார். முதலில் வருவதை நீளக் கைப்பிடிக் கரண்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு உடனே வாயை அடைத்துவிடுவார்கள். கரண்டியில் இருப்பதை விரல் நீளக் குழியில் ஊற்றுவார். அதற்கு சாம்பிள் என்று பெயர். சிவப்பு அடங்கியதும் கிடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டு, கல்மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி. இரண்டாக உடையும். உடைந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தால் நல்ல இரும்பு, அச்சில் ஊற்றலாம். வெள்ளை வெளேரென்று மின்னினால் அது ஆகாத இரும்பு. அதில் சக்கரம் செய்தால் ஓடுபோல உடைந்துவிடும். அப்போது வேறு கட்டி இரும்பும் கரியும் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. நெருப்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா இரும்பும் சிவப்பாகத்தான் தெரியும், வெயிலில் பார்க்க வேண்டும் என்பார். உடைந்த துண்டோடு பின்வாசல் வழியாக வெளியே வருவார். உள்ளே பட்டறை ஆட்கள் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேஸ்திரியைப்போல வேலையில் சுத்தமான ஆள் கிடையாது என்று அவர்களுக்கு அதில் பெருமைகூட. பின்வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். அப்பா குனிந்து, துண்டை என் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

“பாப்பா, இது இன்னா? கேவுருவா, அரிசியா?”

எங்கள் பக்கத்தில் கேழ்வரகைக் கேவுரு என்போம். சாம்பல் நிறம் கேவுரு மாவு, வெள்ளை அரிசி மாவு. இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

“கேவுரு, நைனா.”

“சரியாச் சொல்ட்ட!”

உடனே உள்ளே திரும்பி, “ஊத்துங்கடா!” என்று குரல் கொடுப்பார். விடை அவருக்கு முன்பே தெரியும், எனக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அப்படித்தானே கேட்கிறார்? பிறகு சாம்பிளின் ஒரு பாதியில் சுண்ணாம்புக் கட்டியால் என்னைத் தேதி எழுதச் சொல்லி, உள்ளே பலகையில் வரிசையாக அடுக்கிவைப்பார். என் கையெழுத்து அழகு என்பார். மற்ற யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கேவுரு வந்த நாட்கள் எனக்குத் திருநாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குளித்துவிட்டு அப்பா என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் நான் கொட்டித் தீர்ப்பேன். சாயங்காலம் என் தோளில் கைபோட்டுக்கொண்டு மணலில் நடப்பார். பெண் பிள்ளையின் தோளில் கைபோட்டு நடக்கும் அப்பா அந்த ஊரில் வேறு யாருக்கு இருந்தார்? எதிரில் யாராவது வர மாட்டார்களா, பார்க்க மாட்டார்களா என்று ஏங்குவேன். அந்த மணலில் யார் வருவார்கள்?

அரிசி வந்தால் எல்லாம் போச்சு. இருட்டும்வரை உலை எரியும். நான் கஞ்சியை மூடிவைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். ஒரு வார்த்தையும் விளங்காது. அப்படி இரண்டு சனிக்கிழமைகள் வந்தன. இரண்டு முறையும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இரண்டு முறையும் சுவரோடு உட்கார்ந்து அழுதேன்.

அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிய வாரம் அது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அப்பா, “நாளைக்கு வார்ப்பு சீக்கிரம் முடிஞ்சா மத்யான வண்டிக்கே ஆம்பூர் போய்ட்டு வரலாம்” என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆற்காட்டுக்குப் போன ஆளிடம் சொல்லி அப்பா அம்மாவுக்காக மக்கன் பேடா இனிப்பு வாங்கிவைத்திருந்தார். பொட்டலத்தைத் திறக்காமல் மோந்து பார்த்துப் பார்த்தே விடிந்தது. காலையில் பாவாடை மாற்றி, தலை பின்னி, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் தயாராக உட்கார்ந்துவிட்டேன்.

சம்மட்டி விழுந்த சத்தம் கேட்டது. அப்பா வந்தார். துண்டை நீட்டினார்.

வெள்ளை. உடைத்த கல்லுப்புபோல மின்னியது. சந்தேகப்பட இடமே இல்லை.

“கேவுருவா, அரிசியா?”

எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். என் பொய்யால் எதுவும் கெட்டுவிடாது, அப்பாவுக்குத் தெரியாதா என்ன, தலையில் ஒரு குட்டு வைத்து, “சரியாப் பாரு” என்று சொல்லப்போகிறார், அந்தக் குட்டையும் வாங்கிக்கொள்வோம் என்று, “கேவுரு” என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“சரியாச் சொல்ட்ட! ஊத்துங்கடா!”

கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பா உள்ளே போய்விட்டார். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்பாவுக்கும் அம்மாவைப் பார்க்க வேண்டும்! அதனால்தான் என்னோடு சேர்ந்து அவரும் பொய் சொல்கிறார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. சாம்பிளில் தேதி எழுதும்போது எழுத்துக்கு ஒரு சுழி கூடவே போட்டேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து இரண்டு தடவை கண்ணடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. பெரியவர்கள் ரகசியத்தை எவ்வளவு கெட்டியாக வைத்துக்கொள்கிறார்கள் என்று வியந்தேன். ஆம்பூர் ஸ்டேஷன் கூட்டத்தில் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்று ராத்திரி அம்மாவின் வயிற்றில் கைவைத்துக்கொண்டு தூங்கினேன். ரகசியத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே, வார்த்த சக்கரங்களை அராவிச் சீர்செய்யும் பிட்டர் முணுமுணுத்தார். இந்தச் சக்கரத்தில் அரம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது என்றார். நல்ல இரும்பு என்று அப்பா அடித்துச் சொன்னார். “கேவுருல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி வேணாமா மேஸ்திரி?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சக்கரம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. பட்டை அள்ளிப் போடுகிற பெண்ணின் காதோரமாக ஒரு பல் பறந்து சுவரில் குத்தி நின்றதாம். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

முதலாளி நேராகப் பலகைக்குப் போனார். என் கையெழுத்தில் தேதி எழுதிய அந்தத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பின்வாசலுக்கு வரச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூடுதலாகப் போட்ட அந்தச் சுழி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“இன்னா மேஸ்திரி இது? வெயில்ல பாக்கறேன், வெயில்ல பாக்கறேன்னு சொல்வியே, இதான் நீ பாத்த லட்சணமா?”

அப்பா துண்டை வாங்கினார். உடைந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். திரும்பத் தடவினார். பிறகு அவருடைய முகம் நான் நின்ற கதவின் பக்கம் கொஞ்சம் திரும்பியது. இப்போது என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

“நாந்தான் பாத்தேன் மொதலாளி. தப்பு என்னுதுதான்.”

“ஊருக்குப் போற அவசரத்துல ஊத்திட்டியா?”

அது என்னுடைய காரணம். அதை அந்த மனுஷர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் திகைத்து நிற்கும்போதே, அப்பா, “ஆமாங்க” என்றார்.

அன்றைக்கே வேலை போயிற்று. எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

அறையைக் காலி செய்ய நான்கு நாள் தவணை கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதிரே போய் நின்றால் அவர் பார்வை என் தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ போயிற்று. இதற்கு முன்னால் அவர் எப்படிப் பார்ப்பார் என்று நான் கவனித்ததே இல்லை. கவனித்த பிறகு அது பொறுக்க முடியாததாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்யை ஆரம்பித்தவள் நான்தான், அந்தக் கோபம் என்று நினைத்தேன். நாலு அடி அடித்திருந்தால் தேவலை. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டும்போது தண்ணீர்ப் பானையிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அதுவும் பிறகு கரிமேட்டு ஓரமாகவே நின்றுவிட்டது, ரயிலில் கொண்டுபோக முடியாது என்றார்கள்.

ஆம்பூருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. இந்தக் குழந்தை தங்கிவிட்டது. அம்மா வெளிறிப்போய், ஆனால் சிரித்த முகமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். வேலை போன விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. “இந்தாங்க, புடிங்க” என்று குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பாவும் இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கைகள் குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைத் தூக்கின.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நைனா தம்பியோடு விளையாட ஆரம்பித்துவிட்டார் என்று கைதட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. குழந்தையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டாள். ஐந்து மாதம் கூடவே இருந்து நான் பார்க்காததை அவள் ஒரு நொடியில் பார்த்துவிட்டாள்.

“எத்தினி நாளா இப்டி?”

“ரெண்டு வருசமா, கொஞ்சம் கொஞ்சமா” என்றார் அப்பா.

இருபது வருஷம் உலையின் வாயைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் திரை விழுந்திருந்தது. நெருப்பு மட்டும் தெரியும், மற்றதெல்லாம் புகை. ஒன்பது வயதுப் பெண்ணின் கண்ணை நம்பித்தான் அந்த ஐந்து மாதமும் அவர் இரும்பு ஊற்றியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு, எதைப்பற்றி எத்தனை நாள் என்று கேட்கிறாள், எதற்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள் என்று ஒன்றும் விளங்காமல் நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்புச் சத்தம் வந்த பக்கமாக அப்பா திரும்பினார். நேராக என் முகத்தை நோக்கித் திரும்பி, அவரும் சிரித்தார்.

அப்பாடா, நைனா என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.