வாசலில் விட்ட செருப்பு

காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்துப் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் மறைந்திருக்கும் கத்தோலிக்கக் கோயிலாம். போன ஞாயிறு போனேன். வாசலிலேயே சுற்றிக்காட்டும் பெண் மறித்தாள்.

“சார், சப்பல் வெளியவே விட்டுடுங்க. ஹோலி பிளேஸ்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே படியில் நான் செருப்பை விட்டதால்தான் அந்தக் கோயிலே போயிற்று. அதை அவளிடம் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே மெழுகுவத்தி வாசம் இருந்த இடத்தில் பெயிண்ட் நாறியது. “பிரிட்டிஷ் ஃபேமிலியோட பிரைவேட் சேப்பல்” என்று ஒப்பித்தாள். சுத்தப் புளுகு. அது பிலோமினா டீச்சரின் சாப்பாட்டு அறை. கன்னடமா தமிழா என்ற மொழிச் சண்டையில் எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசையை நிறுத்திய வருடம், டீச்சர் சாப்பாட்டு மேஜையையே பீடமாக்கி, ஓய்வுபெற்ற சாமியார் ஒருவரை ரகசியமாக வரவழைத்தார். மணி கிடையாது. பாட்டெல்லாம் முணுமுணுப்புதான். செருப்பைப் பையில் போட்டு உள்ளே எடுத்துவர வேண்டும். வாசலில் நாற்பது ஜோடி கிடந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே.

அம்மாவுக்கு அந்த அறைதான் உயிர். தமிழைத் தவிர வேறெதிலும் அவளுக்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரியாது.

நான் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திமிரும் பக்தியும் ஒன்றாக ஏறியிருந்த வயது. பெரிய வெள்ளியன்று, “ஆண்டவர் முன்னாடி செருப்பத் தூக்கிட்டுப் போறதா? நாம என்ன திருடனுங்களா?” என்று வாசலிலேயே கழற்றிவிட்டேன். பெரிய வீரன்! ரோஷம் வந்து மற்றவர்களும் வெளியே போய் வரிசையாக விட்டார்கள். “வேணாம்பா, எடுத்துடுங்க” என்று டீச்சர் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

செருப்பு வரிசையைப் பார்த்த யாரோ பிஷப்புக்கு எழுதிப்போட்டார்கள். அடுத்த வாரமே பூசை நின்றது. சாமியாரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதியவனை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான்.

இரண்டு வருடம் கழித்து அம்மா படுத்த படுக்கையானபோது, தமிழ் தெரியாத இளம் சாமியார் ஒருவர் வந்தார். அம்மா அரைமணி நேரம் அழுதழுது சொன்னாள். அவர் தலையாட்டினார், சிலுவை போட்டார், போய்விட்டார்.

“பாவம், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் புரியலடா. டீச்சர் வீட்டுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா?”

“நாளைக்குப் போலாம்மா” என்றேன். அங்கே வெறும் மேஜைதான் கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னதைப் புரிந்துகொள்ள ஆளில்லாமலே அம்மா போய்ச்சேர்ந்தாள்.

போன ஞாயிறு அந்தப் பங்களாவை விட்டு வெளியே வந்தேன். படியில் ஐம்பது ஜோடிச் செருப்பு பகிரங்கமாகக் கிடந்தது. இனி யாரும் எழுதிப்போடப் போவதில்லை. உள்ளேதான் ஒன்றுமே இல்லையே.