இளகாதவரின் பாலைவனப் பட்டியல்

"மைனஸ் பதினெட்டுல கல்லாப் போன மீன்கூட வெளியில எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல இளகிடும். நான் இளக மாட்டேன். எனக்குத் துரோகம் பண்ணினவங்களோட ஜென்மத்துக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்!"

குளிர்பதனக் கிடங்கின் சாப்பாட்டு அறையில், முப்பது பேர் சாட்சியாக இப்படி முழங்கியவர் பனிக்கரடி. பெற்றோர் வைத்த பெயர் வேறு. கிடங்கில் அது சம்பளச் சீட்டில் மட்டுமே வழங்கி வந்தது. இதை வெறும் சவடால் என்று ஒதுக்கிவிட முடியாது. தன் லீவு நாளைத் தட்டிப் பறித்த சக ஊழியரோடு ஏழு வருடம் ஒரே அறையில் மீன் பெட்டி அடுக்கியும் ஒரு 'ம்' கொட்டாத மகான் அவர். அந்த மனிதர் ஓய்வு பெற்ற நாளில் பூங்கொத்து மட்டும் நீட்டினார். வாய் திறக்கவில்லை.

இருபத்தெட்டு வருடச் சேவையில் குளிர் அவருடைய முழங்காலில் நிரந்தரக் குடித்தனம் வைத்திருந்தது. அதைக் காலி செய்ய ஒரே வழி, கோடையில் பாலைவனத்துக்குப் போவது என்று முடிவு கட்டினார். அதற்கேற்ப வேளையும் கூடி வந்தது. அவர் மனைவி ஒரு சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரி போடுபவர். அந்தக் கோடையில் பாய்லர் மாற்றுவதற்காக அங்கே பத்து நாள் மூடப் போவதாக அறிவித்தார்கள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் பத்து நாள் விடுமுறை கிடைப்பது இதுவே முதல் தடவை. அடுத்த பாய்லர் எப்போது கெடுமோ, யார் கண்டது?

"வெயில் காலத்துல யாராவது பாலைவனத்துக்குப் போவாங்களா மாமா?" என்றார் மனைவியின் தம்பி. அவர் டாக்சி ஓட்டுபவர். அபிப்பிராயங்களுக்கு மட்டும் மீட்டர் போடுவதில்லை.

"போக மாட்டாங்க மாப்ளே. அதான் கூட்டம் இருக்காது."

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஐந்து ஊர்களை எழுதி, ஒரு நீதிபதியின் நிதானத்தோடு விசாரணையைத் தொடங்கினார் பனிக்கரடி. கடலோரத்துப் பாலைவன நகரம் முதல் நாளே தள்ளுபடி ஆனது. "காத்திலயே தண்ணி இருக்கு. வேர்வை காயாது. இது ஊர் இல்லை, பிரஷர் குக்கர்." கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த நகரத்தில் தெருவைத் தவிர எல்லா இடமும் குளிரூட்டப்பட்டது என்று தெரிந்தது. "அதுக்கு நான் வேலைக்கே போயிடலாமே!" என்று அதையும் நோட்டில் அடித்துவிட்டார்.

மீதி மூன்றுக்கும் போன் போட்டார். மற்றவர்கள் பகல் வெயிலைப் பார்த்துப் பயப்படுவார்கள். இவர் விசாரித்தது ராத்திரியை. பகலில் குடித்த சூட்டைச் சுவர் எத்தனை மணிக்குத் துப்புகிறது? அறையின் ஏசி கம்ப்ரஸர் மேற்குப் பார்த்து இருக்கிறதா? மத்தியானம் உங்கள் ஊர் நாய்கள் எங்கே படுக்கின்றன? கடைசிக் கேள்விக்கு இரண்டு விடுதிகளில் போனை வைத்துவிட்டார்கள். மணல்மேட்டு ஓரத்து மூன்றாவது விடுதிக்காரர் மட்டும், "ஐயா, நாயே ஊரைவிட்டுப் போயிடுச்சு, நீங்க ஏன் வர்றீங்க?" என்றார். இப்படி ஒரு நாணயஸ்தனை விடக் கூடாது என்று அந்த ஊரைப் பட்டியலில் முதலில் ஏற்றினார்.

மணல் ஊரில் நான்கு நாள். மண்சுவர்ச் சந்துகள் கொண்ட பழைய நகரத்தில் மூன்று. உப்புப் படுகை ஓரத்து மேட்டு நகரத்தில் மூன்று. ராத்திரியில் இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்காத ஊர் எதற்கும் அவர் இடம் தரவில்லை. மனைவிக்குப் புழுக்கத்தில் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாலையும் தீர்ப்பை வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்குள் இரண்டு கால்களையும் விட்டபடி, "உங்க இஷ்டங்க" என்றார். இரண்டு மாதமும் அதே வாளி, அதே பதில்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது மைத்துனர் வந்தார்.

"மாமா, உங்க பழைய பஞ்சுக் கோட்டு ஒண்ணு இருக்குமே? அக்கா அளவுக்குப் பிடிச்சுத் தைக்கணும்."

"மணல்ல எதுக்குடா கோட்டு?"

மைத்துனர் ஒரு கணம் சமையலறைப் பக்கம் பார்த்தார். "அக்கா இன்னும் சொல்லலையா? எங்களோட பனிமலைக்கு வர்றா. டிக்கெட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சே."

அப்புறம் விசாரித்ததில், சலவை நிலையத்துக்குத் தெரியும், தையல்காரருக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரருக்குத் தெரியும். கட்டிய கணவருக்கு மட்டும்தான் தகவல் வந்து சேரவில்லை.

"ரெண்டு மாசமா தலையாட்டினியேடி!"

"எந்த ஊருன்னுதான் கேட்டீங்க. வர்றியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஆறாவதா ஒரு ஊரைத் தேடியிருப்பீங்க. நாள் முழுக்க ஆவியில நின்னு வேகுறவளை மணல்ல கொண்டுபோய் வறுக்கணுமா? எனக்கு ஒரு தடவை விறைக்கணுங்க. அவ்வளவுதான்."

பனிக்கரடி நோட்டை மூடினார். "இதான் கடைசி வார்த்தை" என்றார். அதுவே மூன்று வார்த்தைகள் ஆகிவிட்டது என்று மைத்துனர் சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பதின்மூன்று நாள் வீடே கிடங்காக இருந்தது. உப்பு குறைந்தால் டிவியைப் பார்த்து உப்பு இல்லை என்றார். சாவி எங்கே என்று கதவைக் கேட்டார். இரண்டு பேருக்கு எடுத்த பாலைவன டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தபோது, கவுன்டரில் இருந்த பெண் காரணம் கேட்டாள். "துரோகம்" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால், 'உடல்நலக் குறைவு' என்று குறித்துக்கொண்டாள். இரவில் விழித்துப் பார்த்தால் அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பதுதான் அவரை அதிகம் வதைத்தது. இருபத்தைந்துக்குக் கீழே, இருபத்தைந்துக்குக் கீழே என்று போனில் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் யாருக்காக?

இருவரும் வெவ்வேறு திசையில் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. மைத்துனர் டாக்சியைக் கீழே நிறுத்தி ஹாரன் அடித்தார். பனிக்கரடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறையைக் கடந்தார்; கால் நின்றுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து மனைவி மூன்றாவது ஜோடிக் காலுறையை மாட்டி, புது ஷூவுக்குள் காலைத் திணித்து, கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

கிடங்கில் புதிதாகச் சேருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. பனிக்கரடி சுவரைப் பார்த்தார். டிவி அந்த அறையில் இல்லை. மறுபடி ஹாரன் அடித்தது.

"ரெண்டு போதும்."

அந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"மூணு போட்டா இறுக்கும். ரத்தம் ஓடாது, விரல்தான் போகும். கை மரத்துப் போச்சுன்னா நெருப்புகிட்ட நீட்டாதே. அக்குள்ல வச்சுக்கோ. ஈரமான துணியை உடனே மாத்திடு."

அந்த அம்மாள் ஷூவைக் கழற்றி, ஒரு காலுறையை உருவிப் போட்டார். பனிக்கரடி பெட்டியைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றைத் தளர்த்திக் கட்ட ஆரம்பித்தார்.