உமலில் போன ஜிம்மி

நத்தார் பண்டிகைக்கு முள்ளியவளையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். எங்கள் நாய்க்குட்டி ஜிம்மியைச் சைக்கிளில் எதில் வைத்துக் கொண்டுபோவது? கணவர் பலகைப் பெட்டி என்றார். குலுங்கினால் குட்டியின் மூக்கு உடையும் என்று நான் பிடிவாதம் பிடித்து, மீன் கொண்டுவரும் பனையோலைப் பையான உமலை எடுத்தேன். மெத்தென்று இருக்கும், காற்றும் போகும். கழுவிக் காயவைத்து, குட்டியை உள்ளே விட்டு உமலின் வாயைக் கட்டினேன். கணவர் அதைப் பலகாரப் பையோடு ஹாண்டிலில் கொழுவினார். நான் பின்னால் கரியரில் இருந்தேன்.

வழியில் ஒரு சத்தமும் இல்லை. "பாத்தீங்களே, எவ்வளவு சுகமாப் படுத்திருக்கிறான்!" என்று பெருமையடித்துக்கொண்டே போனேன்.

அக்கா வீட்டில் இறக்கிப் பார்த்தால் உமல் வெறுமை! கழுவியும் போகாத மீன் வாசத்துக்கு அடிப்பக்கத்தையே கடித்துத் தின்று, ஓட்டையால் விழுந்திருக்கிறான். அழுதபடியே சைக்கிளைத் திருப்பச் சொன்னேன்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு மீன் வியாபாரி சைக்கிளில் எதிரே வந்தார். அவருடைய மீன் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி, வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான் ஜிம்மி!

"தங்கச்சி, உங்கட ஆளோ? ரெண்டு சூடை மீன் குடுத்தும் திரும்பிறாரில்லை" என்று அவர் சிரித்தார்.

இப்போது ஜிம்மிக்கு மீனே படாத புது உமல். அதைக் கொழுவுவதில்லை, மடியில்தான் வைத்திருப்பேன். புறப்படுமுன் கணவர், "இருக்கிறானோ?" என்று கேட்பார். என்னுடைய "ஓம்" போதாதாம். ஜிம்மி குரைத்தால்தான் பெடலை மிதிப்பார்.